தெரிந்த சொல்லை நம்பிக் கொடுத்த ரத்தம்

1

பாளையங்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் என் சித்தப்பா மகன் ஒரு கேள்வி கேட்பான். "ஏண்ணே, புனே என்ன பாரினா? என்னமோ சீமையில இருக்குத மாதிரில்லா அலுத்துக்கிடுதிய!"

பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ரயிலேறினால் வந்துவிடலாம். எல்லாம் சரிதான். ஆனால் வீட்டுக்குள் ஒரு பாஷை, காய்கறிக் கடையில் ஒரு பாஷை, அலுவலகத்தில் ஒரு பாஷை, பெற்ற மகளிடம் பேச இவை மூன்றையும் கலந்த நாலாவது பாஷை என்று வாழ்கிறவனுக்கு இதுவும் சீமைதான். இங்கே ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

நான் புனேயில் தாபோடி பக்கம் இருக்கிறேன். பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பழக்க தோஷம், எழுதக் கை வராது. அங்கே என் வேலையில் பாதி, விதிப் புத்தகங்களில் திருத்தச் சீட்டு ஒட்டுவது. டில்லியிலிருந்து சீட்டு வரும். பழைய வரியின் மேல் பசை தடவி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் இந்தியில் 'சம்ஷோதன்' என்று அச்சடித்திருக்கும். சம்ஷோதன் என்றால் திருத்தம். இந்தி எழுத்துகளில் நான் முதலில் கண்ணால் பழகிய சொல் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் எங்கள் சொஸைட்டியின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின், நோட்டீஸ் போர்டில் மராட்டியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பாதுகாப்புத் துறை ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் குடும்பத்தினர் என்று எழுதி, அதன் கீழே பெரிய எழுத்தில் 'ஆரோக்ய சம்ஷோதன்' என்று போட்டிருந்தது. ரத்தப் பரிசோதனை முகாம், சமூகக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை.

மராட்டிக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றுதான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆரோக்கியத் திருத்தம்! துறை கொடுத்த நம் மருத்துவ அட்டையில் எதையோ திருத்துகிறார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு என்ன வியாதி என்று பார்த்துப் பெயர்களைக் கழிக்கப் போகிறார்கள். போகாதவன் அட்டை போச்சு.

விடுவேனா? சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களிடம் சொன்னேன். எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் சிவசைலத்திடம் சொன்னேன். அவருக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இங்கே போசரியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. அவர் மனைவிதான் எங்கள் துறையில் ஊழியர். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி அவர் இன்னும் நாலு பேருக்குச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள்தான். என் மனைவி புஷ்பமும் நானும் முதலிலேயே போய் நின்றோம்.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். பிறகு ஒரு பெண் மராட்டியில் படபடவென்று விளக்கிவிட்டுத் தாள்களை நீட்டினாள். "ஹோ, ஹோ" என்று மராட்டியில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன்! தெரியாத சொல் என்றால் நின்று விசாரிப்போம். தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

2

மகள் ஜென்ஸி புனேயிலேயே பாணேரில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிகளின் தகவல்களைக் கணினியில் சேர்த்துவைக்கும் ஒரு கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. அடுத்த வாரம் அவள் வந்தபோது, நம் அட்டையை எப்படிக் காப்பாற்றினேன் என்று பெருமையாகச் சொன்னேன். கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த அந்த அறிவிப்பையும் காட்டினேன்.

படித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அரே அப்பா! இது மராட்டி. மராட்டில சம்ஷோதன்னா ரிசர்ச். ஆரோக்ய சம்ஷோதன்னா ஹெல்த் ரிசர்ச்!"

"இந்தியில திருத்தம்னு அர்த்தம்."

"இந்தில இருக்கும். இது மராட்டிதானே. நீங்க இத்தன வருஷம் இங்க இருக்கீங்க, இது தெரியாதா?"

ஆராய்ச்சி! கார்டு திருத்தம் என்று நினைத்து நான் எத்தனை பேரை அனுப்பினேன்! அத்தனை பேர் ரத்தமும் இப்போது எங்கேயோ பனிப்பெட்டியில் இருக்கிறது. யாருக்காக ஆராய்ச்சி? எதற்கு? ஏன் பாதுகாப்புத் துறைக் குடும்பங்களாகப் பார்த்து?

முகாமில் அந்தப் பெண் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேலைக்கு எந்த கேட் வழியாகப் போவீர்கள்? எந்த பஸ்? கேன்டீனில் எத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்? உங்கள் அறையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் எத்தனை பேர் விடுப்பு எடுப்பார்கள்? மருத்துவ அட்டைக்காக என்று நினைத்து, பணியில் இருந்தபோது நடந்ததையெல்லாம் நானும் ஒப்பித்திருந்தேன். இதில் ஒரு கேள்வியை ரயிலில் யாராவது கேட்டிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் போலீஸில் சொல்லியிருப்பேன்.

ரத்தம் கொடுப்பது எனக்குப் புதிதல்ல. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு மலேரியாக்காரர் வருவார். காய்ச்சலாகக் கிடக்கிறவன் விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தடவிக்கொண்டு, சுவரில் பென்சிலால் தேதி போட்டுவிட்டுப் போவார். அம்மா அவருக்குக் காப்பி கொடுப்பாள். அதுவும் அரசாங்கம் எடுத்த ரத்தம்தான். ஆனால் அவர் சமாதானபுரம் வாத்தியார் மருமகன் என்று எல்லோருக்கும் தெரியும். முடிவு வரவில்லை என்றால் வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே நான் யார் சட்டையைப் பிடிப்பது?

தமிழில் சோதனை என்றால் ஆஸ்பத்திரியிலும் நடக்கும், போலீஸும் போடும், பிசாசும் கொடுக்கும். இது எந்தச் சோதனை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

3

ஜென்ஸியை உட்காரவைத்துக் கேட்டேன். "ஒன் கம்பெனி மாதிரி ஆளுகதானே இதெல்லாம் சேத்து வைப்பாங்க? எங்க ரத்தம் எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லு."

"அது எங்க புராஜெக்ட் இல்லப்பா. இருந்தாலும் பாக்கக் கூடாது. வேலை போயிடும்."

"பெத்த அப்பன் ரத்தம்ட்டி."

"அங்க அப்பா அம்மா இல்லை, நம்பர்தான் இருக்கும். நீங்க டென்ஷன் எடுக்காதீங்க."

டென்ஷனை எடுப்பதும் வைப்பதும் இந்திக்காரர்கள் வழக்கம். நம் ஊரில் அது தானாக வரும். அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை.

சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல அவள் எனக்கு விளக்கினாள். கொரோனா வந்தபோது போசரியில் பட்டறைகள் மூடிக் கிடந்ததை நீங்கள் பார்க்கவில்லையா? பாதுகாப்புத் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு பஸ்ஸில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஷிப்டே படுத்துவிடும். எல்லையில் நிற்பவனுக்குத் துப்பாக்கியும் மருந்தும் செய்கிறவன் படுத்துவிட்டால் எல்லை என்ன ஆகும்? எந்தக் காய்ச்சல் யாரை எத்தனை நாள் படுக்கவைக்கும், யார் உடம்பில் அதை எதிர்க்கும் சக்தி ஏற்கெனவே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தடுப்பூசி யாருக்கு முதலில் என்று முடிவுசெய்ய முடியும். "இதுவும் செக்யூரிட்டிதான்பா," என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குப் பயம் கூடியது.

"சரி, ஒன் வழிக்கே வாரேன். நம்மாளுகள எந்தக் காய்ச்சல் படுக்கவைக்கும்னு நமக்குத் தெரிஞ்சா அது பாதுகாப்பு. அதையே வேற ஒருத்தன் தெரிஞ்சுக்கிட்டா?"

"அதுக்குத்தான் நம்ம லேப்லயே செய்யணும். நாம செய்யாட்டி வேற யாரோ வந்து செய்வாங்க."

"நம்ம லேப்ல திருடன் வரமாட்டானா?"

"அப்பா, நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்க. சின்னதுல என்னோட ஸ்கூல் பிரெண்டோட அப்பா வீட்டுக்கு வந்தா, அவர் எங்க வேல செய்றார்னு முதல்ல விசாரிப்பீங்க. அப்புறம்தான் சாய் குடுப்பீங்க."

உண்மைதான். எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்குத்தான். ஓய்வு பெற்றதும் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையே.

அவள் போன பிறகு ஒன்று உறைத்தது. தன் வேலையில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதில் அவள் அவ்வளவு கண்டிப்பாக நின்றாள். அதில் எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். என் மகள் என் கைக்குள் இல்லை என்பதை அவளுடைய கலப்புத் தமிழ் சொன்னதைவிட அது நன்றாகச் சொன்னது.

4

அறிவிப்பின் அடியில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். ஓர் ஆராய்ச்சி நிலையம், பெயர் வேண்டாம். பெரிய கேட், காவலாளி, பை சோதனை, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன். எனக்கு அந்தச் சடங்கு பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். கைப்பேசியை வாங்காமல் விட்டிருந்தால் அப்போதே திரும்பியிருப்பேன்.

என்னைச் சந்தித்தவர் இளம் வயது டாக்டர் அம்மா. மராட்டிக்காரர், என் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். "பஸா, காகா," என்று நாற்காலியைக் காட்டினார். உட்காருங்கள் சித்தப்பா என்பதுபோல. அதன் பிறகு இந்தியில் பேசினோம். சம்ஷோதன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது.

"அப்படியென்றால் உங்கள் ஆட்கள் எல்லோருமே கார்டுக்காகத்தான் வந்தார்களா?"

"ஆமாம். நான் சொல்லித்தான் வந்தார்கள்."

"அது தவறு. எங்கள் தவறு. முகாமில் தமிழில் சொல்ல ஓர் ஆள் வைத்திருக்க வேண்டும்."

ஓர் அரசாங்கக் கட்டிடத்துக்குள் 'எங்கள் தவறு' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்தேன்.

கேட்டேன். "எங்கள் ரத்தம் நாட்டை விட்டுப் போகுமா?"

"அனுமதி இல்லாமல் போகாது, காகா."

அனுமதி இல்லாமல் என்ற சொல்லை நான் நன்றாக அறிவேன். அனுமதி கொடுக்க எங்கோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள்.

"ஏன் குறிப்பாக எங்கள் குடும்பங்கள்?"

"நீங்கள் ஒரே சுவருக்குள் வேலை செய்கிறீர்கள், ஒரே பஸ்ஸில் போகிறீர்கள். ஒரு காய்ச்சல் எப்படிப் பரவும் என்று பார்க்க இப்படிப்பட்ட இடம் வேண்டும். வேலை நிற்கக் கூடாத இடமும் இது." பிறகு சொன்னார். "இதைத் தாண்டி மேலே என்ன யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கும் முழுசாகத் தெரியாது. தெரிந்ததைச் சொல்லிவிட்டேன்."

அதை நான் நம்பினேன். என் மேஜைக்கு வந்த சீட்டு எதற்காகத் திருத்தப்பட்டது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன? ஒட்டினேன், அவ்வளவுதான். ஆனால் கீழே இருப்பவருக்குத் தெரியாது என்பது எனக்கு எப்படி ஆறுதலாகும்?

யாருக்கு விருப்பமில்லையோ அவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம், ரத்தத்தை அழித்துவிடுவோம் என்றார். ஆனால் அவரவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவருக்காக நான் போட முடியாது. விலகல் தாள்கள் ஒரு கட்டு கொடுத்தார்.

5

தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகப் போனேன். சில வாரங்களுக்கு முன் போகச் சொன்ன அதே வாயால், விலகிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சிலர் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சிவசைலம் மட்டும் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"நான் போடல அண்ணாச்சி. பட்டறையில மண்ணுத்தூசிதான் எங்களுக்குக் காத்து. எத்தன வருஷமா இருமுதேன், கம்பெனி டாக்டர் நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டிருக்கானா? முகாமுல இந்தப் புள்ள ஊதச் சொல்லி, போயி நல்ல டாக்டரப் பாருங்க காக்கான்னு சொல்லிச்சு."

"நாட்டுக்காகத்தான் கேக்காங்க வே, ஒமக்காக இல்ல."

"இருக்கட்டும். இதுவரைக்கும் நாடு நம்மகிட்ட நல்லாருக்கியான்னு கேட்டதே இல்லையே. எதுக்காகவோ கேட்டுட்டுப் போட்டும்."

அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தின் சாரம் என்று இப்போது நினைக்கிறேன். பாதுகாப்பு என்று பெயர் வைத்தால்தான் நம் நெஞ்சின் மேல் ஒரு குழாய் வைக்கப்படுகிறது. அந்தப் பெயர் இல்லாமல் வைக்கமாட்டார்களா என்று கேட்க நமக்கும் தோன்றுவதில்லை.

வீட்டுக்கு வந்தேன். புஷ்பம் இங்கே மெத்தி என்று சொல்லும் வெந்தயக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். மீதியிருந்த இரண்டு தாள்களில் ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டேன். மற்றதை அவள் முன் வைத்தேன்.

"என்னதுங்க இது?"

"ரத்தத்தத் திருப்பி வாங்குததுக்கு. போடு."

"நான் போடல."

"எதுக்குன்னே தெரியாமக் குடுத்தது புஷ்பம். நான் சொன்ன கார்டுக் கதைய நம்பிக் குடுத்த."

"ஒங்க கதைக்காக வரிசையில நின்னேன். அது நெசந்தான். இப்பம் எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்லா? தெரிஞ்சே இருக்கட்டுங்கேன்."

"உள்ள என்ன செய்யுதாங்கன்னு ஒனக்குத் தெரியுமா? எவன் கைக்குப் போவும்னு தெரியுமா? ஒண்ணுமே தெரியாம எப்படி நம்பிக் குடுக்க?"

கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"நீங்க அத்தன வருஷம் அந்த கேட்டுக்குள்ள போனிய. உள்ள என்ன செஞ்சியன்னு எங்கிட்ட ஒரு நா சொன்னியளா? கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவிய. குண்டு செய்யுதாவளா, கணக்கு எழுதுதாவளான்னு தெரியாமத்தான் தெனமும் சோத்து டப்பா கட்டிக் குடுத்தேன். எதுக்குன்னு தெரியல, எம் டப்பாவத் திருப்பித் தாங்கன்னு கேட்டனா?"

திருத்தச் சீட்டு ஒட்டினேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள்.

6

மறுநாள் சேர்ந்த தாள்களையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னுடையதும் அதில் ஒன்று. சில நாள் கழித்து, உங்கள் மாதிரி அழிக்கப்பட்டது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அழித்ததை யார் பார்த்தார்கள்? நான் நம்பவில்லை. ஜென்ஸியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவும் இல்லை.

போன வாரம் புஷ்பத்தை இரண்டாவது முறை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமாக எல்லோரையும் கூப்பிடுவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் அம்மாவே பேசினார். இந்த முறை தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் இருப்பார் என்றும் சொன்னார். ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். அவள் கைப்பேசியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு காவலாளியின் பின்னால் விறுவிறுவென்று போய்விட்டாள். நானும் கூடப் போகக் காலெடுத்து வைத்தேன்.

"பட்டியலில் உங்கள் பெயரை அடித்து, விலகியவர் என்று எழுதியிருக்கிறதே காகா. வெளியே இருங்கள்," என்றான் காவலாளி.

கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடை ஓரமாக நின்றேன். தூறல் விழுந்தது. சாய் குடித்தேன். உள்ளே மரங்களும் ஜன்னல்களும்தான் தெரிந்தன. எந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று தெரியவில்லை. உள்ளே இன்னது நடக்கிறது என்று யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. மனசு கண்டதையும் கற்பனை செய்தது. கடைசியில் முழங்கையில் பஞ்சோடு வந்தாள். முகத்தில் ஒரு புது மிடுக்கு.

"என்ன செஞ்சாங்க?" என்றேன்.

"ரத்தம் எடுத்தாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?"

அவள் முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்தக் காலத்துல சாயங்காலம் நீங்க ஆபீஸ் விட்டு வந்ததும் இதத்தான் நானும் கேப்பேன். நெனப்பிருக்கா?" என்றாள்.

நினைப்பிருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.